எலிலரசி

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது ஓர் எழுத்துப் பிழை. எழிலரசி என்ற பெயரை ஒருவர் ஆங்கில எழுத்தில் எலிலரசி என்று அடித்திருந்தார். ழ வர வேண்டிய இடத்தில் ஒற்றை எல்.

பக்கத்து நாற்காலி சகாயமேரி அக்காவிடம் காட்டினேன். நானாகப் போய் ஒன்றைக் காட்டியது இதுதான் முதல் தடவை. அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எலிலரசியா! எலிக்கெல்லாம் ராணி போல இருக்குது. கேட்டது யாரு கண்ணு, பெருச்சாளியா?"

"அவங்க வீட்டுக்காரரு போலக்கா."

"அப்ப பெருச்சாளியேதான்."

வேலையைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். 'நூல்கண்டு' என்பது தையல் தெரிந்த பெண்களுக்கு வாராவாரம் மின்னஞ்சலில் போகும் மடல். மாதம் ஒருமுறை கட்டிங் தாளும் தபாலில் போகும். அதை விரித்து வைத்து அப்படியே ரவிக்கை வெட்டலாம். சந்தாதாரர்கள் ஏதாவது கேட்டால் இப்போது மனிதர்கள் பதில் சொல்வதில்லை, ஏ.ஐ. ஏஜென்ட் சொல்கிறது. அதற்கு ஒவ்வொருவர் விவரத்தையும் எடுத்துக் கொடுக்க தமயந்தி மேடம் ஒரு தேடுகருவி செய்திருக்கிறார். பெயரோ எண்ணோ போட்டால் போதும். யார், எப்போது சேர்ந்தார், தாள் எந்த முகவரிக்குப் போகிறது, கடைசி மடலைத் திறந்தாரா, எல்லாம் ஏஜென்ட்டின் கைக்கு வந்துவிடும். அக்கா ஏஜென்ட்டைத் தம்பி என்பார். தம்பி எழுதும் பதில் எங்கள் இரண்டு பேர் திரைகளில் ஏதாவது ஒன்றுக்கு வரும். 'சரி' அமுக்கினால் போய்விடும். 'தவறு' அமுக்கினால் ஏன் என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அது மேடத்துக்குப் போகும்.

இவர் கேட்டிருந்தது இவ்வளவுதான்: என் மனைவி எலிலரசிக்குக் கட்டிங் தாள் எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள்? அப்படி யாரும் இல்லை என்று தம்பி எழுதியிருந்தது. நான் 'தவறு' அமுக்கிக் கட்டத்தில் எழுதினேன்: எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ழ வராது. பேசும்போது ள என்போம், ஆங்கிலத்தில் எழுதும்போது எல் போடுவோம். எழிலரசி என்று தேடினால் கிடைக்கும்.

என் பெயரையே வீட்டில் பனிமொளி என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மாமா நிரப்பிக் கொடுத்ததிலும் எல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை அந்த எல் கூடவே வந்தது. என் பெயரை நானே சரியாக எழுதியது நூல்கண்டுக்குச் சந்தா கட்டும்போதுதான்.

மேடம் போன் பேசும் வேலை தரட்டுமா என்று கேட்டார். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். தெரியாதவர்கள் எடுத்து "யாரு?" என்று கேட்டால் எனக்கு நாக்கு புரளாது.

பிப்ரவரி 4, புதன்

காலைக் கூட்டத்தில் மேடம் என் பெயரைச் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பனி எழுதினதைப் பார்த்தீங்களா? இத்தனை நாளா இது எனக்குத் தோணவே இல்லை. நம்ம ஜனங்க எப்படித் தப்பா அடிச்சாலும் தம்பி புரிஞ்சுக்கணும். தப்பா எழுதினாங்கன்னு யாரையும் வாசலோட திருப்பி அனுப்பக் கூடாது."

ராத்திரியே மாற்றிவிட்டாராம். இனி எல் போட்டால் தம்பி தானாக ழ போட்டும் தேடிப் பார்க்கும். எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறினாலும் பார்க்கும். நேற்றைய கேள்வியையே மறுபடி ஓட்டினோம். எழிலரசி என்று ஒருவர்தான் இருந்தார். ஆத்தூர், பழைய சந்தைக்குப் பின்புறம், கதவு எண், கைப்பேசி எண், எல்லாவற்றையும் தம்பி அழகாக எழுதியது. 'சரி' அமுக்கினேன்.

உடனே அவரிடமிருந்து பதில் வந்தது. "ரொம்ப நன்றிங்க. மூணு மாசமா தேடிட்டு இருந்தேன்."

"ஒரு தாளுக்கா மூணு மாசம்?" என்றார் அக்கா. "ஆம்பளைங்க தேடுற லட்சணம் அதுதான். இடுப்புல வேட்டியக் கட்டிக்கிட்டு பீரோவுல துழாவுவாங்க."

மேடம் எனக்கு மைசூர்பாகு கொடுத்தார். பாதியைத் தின்றேன். பாதி காகிதத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

விடுதியில் தண்ணீர் வரவில்லை. மைசூர்பாகை எறும்பு மொய்த்துவிட்டது.

பிப்ரவரி 7, சனி

கட்டிங் தாள் வந்தது. விடுதியில் தரையில் இடமில்லை, கட்டிலின் மேல் விரித்தேன். அம்மா என்றால் கூடத்தில் விரித்து நான்கு மூலையிலும் எதையாவது பாரம் வைப்பார்: கத்தரிக்கோல், அரிசிப் படி, என் கணக்குப் புத்தகம், நான்காவது மூலைக்கு நான். "குட்டி, அந்த மூலையில உக்காரு" என்பார்.

தாளில் போட்டிருக்கும் கோட்டில் அம்மா ஒருநாளும் வெட்டியதில்லை. கோட்டுக்கு வெளியே நிறையத் துணி விட்டு வெட்டி, அதைத் தையலுக்கு உள்ளே மடித்துவிடுவார். வளருகிற பிள்ளை, பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்பார். இப்போது போட்டிருக்கிற சட்டையிலும் இரண்டு பக்கமும் உள்ளே துணி இருக்கிறது. தடவிப் பார்த்தேன்.

முகவரியையும் கைப்பேசி எண்ணையும் நான்தான் மாற்றினேன், இங்கே வந்த முதல் வாரத்தில். தாளைப் பார்த்தால் வீட்டில் இருப்பது போல இருக்கும் என்று நினைத்தேன். இருப்பது ஒரே சந்தா. இங்கே வந்தால் அங்கே போகாது. அது அப்போது தோன்றவில்லை. அம்மா தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். தாள் நின்றதை அம்மாவாவது வெளியே சொல்லாமல் இருந்திருப்பார்.

பிப்ரவரி 9, திங்கள்

டீ வருவதற்குச் சற்று முன்னால் ஒரு கேள்வி என் திரைக்கு வந்தது. ஆங்கில எழுத்தில் இருந்தது.

பனிமொலி. அம்மா பெயர் கோமதி. கட்டிங் தாள் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. இப்போது எங்கே போகிறது?

ஒற்றை எல்.

நாட்டில் எத்தனையோ பனிமொழிகள் இருப்பார்கள். எத்தனையோ கோமதிகளும் இருப்பார்கள். சங்கரன்கோவில் பக்கம் தெருவுக்கு நான்கு கோமதி. அதில் ஒரு கோமதிக்கு ஒரு பனிமொழி இன்னொன்று இருக்கக்கூடாதா?

கீழே தம்பியின் பதில் தயாராக இருந்தது. "பனிமொழி என்ற பெயரில் இரண்டு சந்தாதாரர்கள் இருக்கிறார்கள். ஒருவருடைய முகவரி ஜனவரியில் மாற்றப்பட்டிருக்கிறது. நீங்கள் கேட்பவர் யார் என்று அறிய, பதிவான கைப்பேசி எண்ணைத் தெரிவிக்கவும்." எவ்வளவு மரியாதையாக எழுதுகிறது.

'தவறு' அமுக்கினேன். கட்டம் திறந்தது. அதில் கோடு மின்னி மின்னி மறைந்தது. ஏன் தவறு என்று எழுத வேண்டும். எழுதினால் மேடம் படிப்பார். மேடத்துக்கு நான் பதினெட்டு முடிந்தவள், வீட்டில் கேட்டுவிட்டு வேலைக்கு வந்தவள்.

"டீ ஆறுது பனி" என்றார் அக்கா.

கட்டத்தை மூடினேன். 'சரி' அமுக்கினேன்.

டீயைக் குடிக்க முடியவில்லை. டம்ளர் பல்லில் தட்டிச் சத்தம் போட்டது. அக்கா கேட்டதற்குக் குளிர் என்றேன். இந்த வெயிலில் குளிர் என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சந்தாவை நிறுத்திவிட்டேன். மடலின் அடியில் சின்ன எழுத்தில் அதற்கான இணைப்பு இருக்கிறது. அமுக்கியதும் "உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம்" என்று வந்தது. மனசு லேசாகிவிட்டது. மத்தியானம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு, யாரும் இல்லாதபோது, தேடுகருவியில் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன்.

பனிமொழி. நிலை: நிறுத்தியவர். நிறுத்திய நாள்: இன்று. கடைசி முகவரி: அதன் கீழே விடுதியின் பெயர், தெரு, மாடி, எல்லாம் இருந்தது. சந்தாவை நிறுத்தினாலும் பழைய முகவரி அழிவதில்லை. இப்போது கூடுதலாக, இன்றைக்கு நான் உயிரோடு உட்கார்ந்து ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறேன் என்பதும் அதில் ஏறிவிட்டது.

பிப்ரவரி 11, புதன்

மேடம் சொல்லிவிட்டார். வரும் திங்கட்கிழமை முதல் தம்பி தானாகவே பதில் அனுப்பும். நானும் அக்காவும் பார்க்க மாட்டோம். எங்களுக்கு வேறு வேலை தருவாராம். இந்தத் தேடுகருவியை வாங்கிக்கொள்ள ஒரு சமையல் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம். எல்லோரும் கைதட்டினோம்.

மாமாவைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். மாமா சத்தம் போடமாட்டார். யாரையும் அடித்ததில்லை. அப்பா போன பிறகு வீட்டுக்கு அரிசி, என் பள்ளிக்கூடம், அம்மாவுக்குத் தையல் மெஷின், எல்லாம் மாமாதான். பத்தாவது முடித்ததும், "எதுக்கு மேல படிக்கணும், எங்கூடத்தான இருக்கப் போறா" என்று அம்மாவிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். மாமாவுக்கு முப்பத்தொன்று. அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தார், கோத்த ஊசியிலேயே.

நூல்கண்டு மடலில் வேலைக்கு ஆள் தேவை என்று வந்ததைக் காட்டியது அம்மாதான். பேருந்து நிலையத்தில் என்னோடு நின்றதும் அம்மாதான். புது எண்ணை நான் ஒருமுறைதான் சொன்னேன். அம்மா எழுதிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் விடுதி வாசலில் ஒரு ஆள் கட்டம் போட்ட சட்டையோடு முதுகைக் காட்டி நின்றார். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, வார்டன் அம்மா, "யாரு உள்ள? குளிக்கிறயா குடியிருக்கியா?" என்று கதவைத் தட்டினார். நின்றவர் சிலிண்டர் கொண்டுவந்தவர்.

பிப்ரவரி 12, வியாழன்

மூணு மாசமா தேடிட்டு இருந்தேன் என்று எழிலரசியின் வீட்டுக்காரர் எழுதியது தாளைத்தான். தாளைத் தேடியிருப்பார். தொலைந்த தாளைத் தேடுவார்கள்தானே.

பிப்ரவரி 13, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானத்துக்கு மேல் சகாயமேரி அக்கா காதில் ஹெட்போனோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "பனி, இங்க வாயேன். உன் பேருலயே ஒரு பொண்ணு. அவங்கம்மா வாய்ஸ் அனுப்பியிருக்காங்க. பேச்சு உன் ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்குது, கேளு." ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார்.

"நூல்கண்டுங்களா? நான் கோமதி பேசுதேன். எம்மவ பனிமொளிக்கு வர்ற தாளு இங்க வரமாட்டேங்கு. எங்க போவுதுன்னு பாத்துச் சொல்லுங்க. நம்பரு கேட்டீகளாம்லா, சொல்லுதேன்."

சொன்னார். நிதானமாக, ஒவ்வோர் இலக்கமாக. கடைசியில் நாற்பத்தாறு என்றார்.

என் எண் அறுபத்து நான்கில் முடிகிறது.

பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "நல்லா ரோசிச்சுச் சொல்லுக்கா. அவசரமில்ல." மெதுவான குரல். மாமா.

"அதான் சொன்னேம்லா, நாப்பத்தாறு" என்றார் அம்மா.

அம்மா எண்களை மறக்கிற ஆள் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேருடைய மார்பளவு, கையளவு, கழுத்திறக்கம் எல்லாம் அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. யாருக்கும் இரண்டாம் தடவை டேப் வைத்ததில்லை. அம்மா இலக்கத்தை மாற்றிச் சொன்னார் என்றால் மாற்றித்தான் சொன்னார். மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

பிறகு, முடிப்பதற்கு முன்னால், அம்மா வேகமாகச் சொன்னார்: "தாளு எங்க போனாலும் சரி, அங்க இருக்கவுகள உள்ள துணி விட்டு வெட்டச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்குக்கா" என்றது பின்னால் இருந்த குரல். அதோடு முடிந்தது.

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. திரையைப் பார்த்தேன். தம்பியின் பதில் தயாராக இருந்தது.

"வணக்கம் கோமதி அம்மா. நீங்கள் கூறிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தோன்றுகிறது. பொருந்தும் சந்தாதாரர் ஒருவர் இருக்கிறார்." அதன் கீழே விடுதியின் பெயர். தெரு. மாடி.

அம்மா பாடுபட்டுச் செய்த பிழையை இது திருத்திவிட்டது. பிழை செய்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பாடம் என்னிடமிருந்து ஆரம்பித்தது.

"தம்பி கெட்டிக்காரன்ல?" என்றார் அக்கா. "நம்பரு தப்பாச் சொன்னாலும் புடிச்சுட்டான் பாரு." சொல்லிக்கொண்டே 'சரி'யின் மேல் அம்பைக் கொண்டுபோனார்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். மௌஸ் மேசையிலிருந்து கீழே விழுந்து தொங்கியது.

"அமுக்காதீங்க."

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"அமுக்காதீங்கக்கா. அமுக்காதீங்க."

அதையே சொல்லிக்கொண்டிருந்தேன் போல. அக்கா என் முகத்தைப் பார்த்தார், திரையில் இருந்த விடுதிப் பெயரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"பேசினது உங்கம்மாவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"பின்னாடி பேசினவன்?"

நான் விடுதிப் பெயரின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தேன். அக்காவே எழுந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேடம் அறைக்குக் கூட்டிப்போனார்.

மேடத்திடம் முதலில் அக்காதான் பேசினார். மேடம் குழம்பிவிட்டார். "அம்மாதானே கேக்குறாங்க? பொண்ணு எங்க இருக்கான்னு அம்மாவுக்குச் சொல்றதுல என்ன தப்பு?"

"அம்மா கேக்கலை மேடம்" என்றேன். "கேக்க வெச்சிருக்காங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். தை மாதம் என்பதைச் சொன்னேன். வயதைச் சொன்னபோது மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டார்.

"பதினேழா? பதினெட்டுன்னு சொன்னியே."

"ஆமா மேடம்."

"பொய் சொல்லியிருக்கே."

"ஆமா மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். வேலை போயிற்று, விடுதியும் போயிற்று, இன்று ராத்திரி எங்கே படுப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேடம் எழுந்து வந்து, அக்காவின் திரையில் தம்பி எழுதியதை அழித்துவிட்டுத் தானே அடித்தார்: அந்த எண்ணில் சந்தாதாரர் யாரும் இல்லை.

"உங்கம்மாவுக்கு இதுல ஏதாவது சேர்க்கணுமா?"

வேண்டாம் என்றேன். சேர்த்தால் மாமா படிப்பார். இல்லை என்ற பதில் போனாலே போதும், அம்மாவுக்குப் புரியும்.

"உன் விவரத்தை மொத்தமா எடுத்துடுறேன். அந்த ஆள் இங்க வந்தா வரட்டும். பதினெட்டு ஆகாத பொண்ணுக்குக் கல்யாணம்னா ஒரு போன் போதும், நான் பண்றேன். நீ போய் முகம் கழுவு."

நான் போகவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"எழிலரசி" என்றேன்.

மேடத்துக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அக்காவுக்கு வந்துவிட்டது. "ஐயோ, பெருச்சாளி" என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அது... அவரு நிஜமாவே தாளைத் தேடியிருக்கலாம்" என்றார் மேடம்.

"இருக்கலாம் மேடம்."

"இனிமே தம்பி யாருக்கும் முகவரி சொல்லாது. எண்ணும் சொல்லாது. பதிவான முகவரிக்குத் தாளை மறுபடி அனுப்பிவிட்டோம்னு மட்டும் சொல்லும். இன்னிக்கே மாத்திடுறேன். பத்திரிகைக்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சரியா?" கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "ஆனா போனது போயிடுச்சு பனி. நாம கூப்பிட்டு என்னன்னு சொல்றது? உங்க முகவரியக் கொடுத்துட்டோம்னா? கம்பெனி பேரு என்ன ஆகும்? விடு."

விடு என்பதை மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிப்ரவரி 14, சனி

அரைநாள் வேலை. தம்பி புதிய விதிப்படி பதில் சொல்கிறது. மேடம் பத்திரிகைக்காரர்களோடு அறைக்குள் பேசிக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. சகாயமேரி அக்கா கிளம்பும்போது என் மேசையில் ஒரு கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போனார். விடுதிக்குப் போகும்போது கடைவீதி வழியாகப் போ, சந்து வழியாகப் போகாதே என்றார்.

எல்லோரும் போன பிறகு தேடுகருவியைத் திறந்தேன்; இப்போது அது பெயரை மட்டும்தான் காட்டுகிறது. தம்பியிடம் கேட்டேன். எழிலரசி, ஆத்தூர், கைப்பேசி எண் வேண்டும் என்று அடித்தேன்.

"மன்னிக்கவும். சந்தாதாரரின் விவரங்களை மற்றவர்களுக்குத் தெரிவிக்க இயலாது."

நல்லது என்று நினைத்தேன். ஆனால் எனக்கு வேண்டுமே.

நாங்கள் அனுப்பிய பழைய பதில்கள் தனியாகச் சேர்ந்து கிடக்கும். போன வாரப் பக்கத்துக்குப் போனேன். அந்தப் பதில் அப்படியே இருந்தது. எழிலரசி. பழைய சந்தைக்குப் பின்புறம். கதவு எண். கைப்பேசி எண். அடியில் பச்சை நிறத்தில் 'சரி', அதன் பக்கத்தில் என் பெயர். எண்ணை உள்ளங்கையில் எழுதினேன். எழுதுவதற்குள் வியர்த்துவிட்டதால் மை பரவியது. மறுபடி மேலே எழுதினேன்.

என்ன சொல்வது என்று யோசித்தேன். அந்த ஆள் எடுத்தால் வைத்துவிட வேண்டும். எண்ணைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கக் கூடாது. அவர் போய்ச் சேர்ந்திருக்க இத்தனை நாள் இருந்தது. ஆத்தூருக்கு எங்கிருந்தும் பேருந்து கிடைக்கும். எலிலரசி என்று பெயர் தெரியாமல் அடித்தவர் அல்ல, பெயரை அப்படியே வீட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

எண்ணை அடித்தேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. நின்றது.

ஜன்னல் கதவைச் சாத்தினேன். தண்ணீர் குடித்தேன். சட்டையின் பக்கத் தையலை, உள்ளே துணி இருக்கிற இடத்தில், பிடித்துக்கொண்டேன். மறுபடி அடித்தேன்.

எடுத்தார்கள். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது. யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"யாரு?" பெண் குரல், அடங்கிய குரல்.

"அக்கா, எம் பேரு பனிமொழி" என்றேன். "நூல்கண்டுல இருந்து பேசுறேன். கதவைச் சாத்திட்டுப் பேசுங்கக்கா."